மோதிரம் சுற்றிய மண்டபம்

முன்பெல்லாம் கல்யாண வரவேற்பு வைக்க வேண்டுமென்றால் மண்டபம் பார்ப்பார்கள். இப்போது மோதிரக்காரரைப் பார்க்கிறார்கள். பேக்கரிக்கு மேலே மாடி அறை. படிக்கட்டு முழுக்கப் பெண்ணைப் பெற்றவர்களும் பையனைப் பெற்றவர்களும். ரொட்டி வாங்க வந்த ஒருவர் தெரியாமல் வரிசையில் நின்று, மேலே போய், இல்லாத மகளுக்கு மண்டபம் குறித்துக்கொண்டு இறங்கிய கதையும் உண்டு.

வித்தை எளிது. நூலில் ஒரு தங்க மோதிரம். மண்டபத்தின் நடுவே நின்று அதைத் தொங்க விடுவார். வட்டமாகச் சுற்றினால் தம்பதி ஒற்றுமை. இப்படியும் அப்படியும் ஆடினால் ஆளுக்கொரு திசை. வாடகை குறைந்த எந்த ஹாலிலும் அது இதுவரை சுற்றியதில்லை. தங்கமல்லவா, ஏழை சகவாசம் பிடிக்காது போலிருக்கிறது!

நம் மணப்பெண் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவன். அம்மா சொன்னால் மேலே போவான், இவள் சொன்னால் கீழே இறங்குவான். இருவரும் சேர்த்து வைத்த பணம் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம். அதைத் தொடாமல் வரவேற்பு நடத்த வழியும் கண்டுபிடித்திருந்தார்கள். நூலகத்தின் பின்பக்க ஹால். இரவல் வாங்கிய வெள்ளை மேசைவிரிப்புகள். ஜாம் பாட்டில்களில் ஒற்றைப் பூ. கூரையில் அவளே மடித்துத் தொங்கவிட்ட காகித விளக்குகள். தேநீர், கேக். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். மோதிரம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"பார்த்தீங்களாம்மா, ஆடுது! இங்க வெச்சா வருஷம் திரும்பறதுக்குள்ள பிள்ளை ஒரு பக்கம், மருமக ஒரு பக்கம்" என்றார் மோதிரக்காரர். இலவசக் காட்சி பார்க்கப் பின்னாலேயே வந்திருந்த வரிசைக் குடும்பங்கள் உச்சுக் கொட்டின.

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ! அப்போ எங்கதான் வைக்கிறது?"

"சரவிளக்கு மகால்ல. அங்க கிறுகிறுன்னு சுத்தும்."

"அத்தை, அந்த வாடகையைக் கொடுத்தா வீட்டுக்கு வெச்ச பணம் போயிடும்" என்றாள் மணப்பெண்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தாத்தானேம்மா வீடு? சாயங்காலமே மகாலுக்கு அட்வான்ஸ் கட்டிடலாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை, இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நின்றான்.

மணப்பெண் மோதிரக்காரரிடம் திரும்பினாள். "ஐயா, பார்க்கறது நீங்களா, மோதிரமா?"

"என்னம்மா கேள்வி! எல்லாம் மோதிரம்தான். நான் வெறும் கை. எனக்குக் கண்ணே தேவையில்லை."

"அப்படிங்களா?" அவள் தோளில் கிடந்த சால்வையை உருவினாள். "எங்க கடையில ஒரு கண்ணை மறைச்சு சோதிப்போம். இங்க ரெண்டையும் மறைச்சுடலாம். கட்டிக்கிட்டு கார்ல ஏறுங்க. மோதிரம் எங்க சுத்துதோ, அங்கயே வரவேற்பு. அட்வான்ஸை நானே கட்டறேன்."

மோதிரக்காரருக்கு வாயெல்லாம் பல். மகால் தரும் கமிஷனே காரில் ஏற்றிக்கொண்டு போகிறதே!

மணப்பெண் காதோடு சொன்ன வழியில் மாப்பிள்ளை காரைக் கிளப்பினான். ரவுண்டானாவை ஒரு சுற்று, மறுபடியும் ஒரு சுற்று, பாலத்தில் ஏறி இறங்கல். முன்சீட்டில் இருந்த அம்மா, "ஏன்டா, இது வந்த வழி..." என்று ஆரம்பிக்க, பின்னாலிருந்து மணப்பெண் அவர் தோளை மெல்ல அழுத்தினாள்.

கார் நின்றது. அதே நூலகம். அதே ஹால். அதே குடும்பங்கள், இப்போது வாயைப் பொத்திக்கொண்டு. மணப்பெண் கைப்பையிலிருந்து சென்ட்டை எடுத்து, மகால் வாசனை வரட்டும் என்று காற்றில் இரண்டு தரம் அடித்தாள்.

மோதிரக்காரரின் மூக்கு விரிந்தது. "ஆஹா! வாசல்லயே களை தெரியுது பாருங்க!"

நூல் இறங்கியது. மோதிரம் சுற்றியது. சாதாரணச் சுற்றா? பம்பரம் கெட்டது!

"பாருங்க, பாருங்க! மேல ஒவ்வொரு சரவிளக்கும் ஆசீர்வாதம் பண்ணுது. மேனேஜரைக் கூப்பிடுங்க. நான்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்னு அவருக்குத் தெரியணும்!"

அம்மா மேலே பார்த்தார். காகித விளக்குகள். மோதிரத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு அவரே போய் மோதிரக்காரரின் கண்கட்டை அவிழ்த்தார்.

"மேனேஜர் இல்லீங்க. நூலகர்தான் இருக்காங்க. பரவாயில்லையா?" என்றார்.

மோதிரம் நின்றுவிட்டது. மோதிரக்காரர் நூலைச் சுருட்டினார்.

"அது... நடுவுல இடத்தோட கிரகம் மாறியிருக்கு..."

"இடம் மாறலை. கண்ணு தெரிஞ்சப்போ ஆடிச்சு, தெரியாதப்போ சுத்திச்சு. உங்களுக்கு என்ன தெரியுமோ, அவ்வளவுதான் அந்த மோதிரத்துக்கும் தெரியும்" என்றாள் மணப்பெண்.

கூட்டத்திலிருந்து ஒருவர் பாய்ந்தார். "யோவ், என் பொண்ணு கல்யாணத்துக்கும் இப்படித்தான் மோதிரம் சுத்தினியா?"

"மோதிரம் எங்கங்க சுத்தினான்? உங்க காதுல பூ சுத்தினான்!" என்றார் அவர் மனைவி.

மோதிரக்காரர் ஓடிய ஓட்டத்தில் வெளிவாசலை விட்டுவிட்டு நூலகத்துக்குள் நுழைந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

மோதிரமே சுற்றிவிட்டதால் வரவேற்பு அங்கேயே நடந்தது. வீட்டுப் பணம் வீட்டுக்கே போயிற்று. "இடம் அம்சமா இருக்கே! யாரை வெச்சுப் பார்த்தீங்க?" என்று கேட்டார் ஒரு விருந்தாளி.

"என் மருமகளை வெச்சுத்தான். அவ கண்ணு பார்க்கிறவ" என்றார் மாமியார், தம் பெருமை போல.

மோதிரம் விரலில் கிடந்தால் நகை, நூலில் தொங்கினால் தூண்டில். கவ்வுவதற்கு முன் மூளையையும் ஒரு சுற்று சுற்ற விடுங்களேன். அதற்கு வாடகை கிடையாது!