புட் அப் வித்: ஒரு வீட்டுப் பாடம்

என் மனைவி வேலைக்குப் போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இருந்தால் நான் ஏன் சதி செய்யப் போகிறேன்?

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர் வேலை. நேர்முகத் தேர்வு இங்கிலீஷில். அவள் போய்விட்டால் என் சட்டையை யார் தேய்ப்பது? நான் யாரை அதட்டுவது? ஆகவே நானே அவளுக்கு இங்கிலீஷ் வாத்தியாரானேன்.

"ஏங்க, 'புட் அப் வித்'னா என்னங்க?"

சகித்துக்கொள்வது. நன்றாகத் தெரியும். ஆபீஸில் மேனேஜரிடம் தினமும் அதைத்தானே செய்கிறேன்! ஆனால் வாய் வேறு சொன்னது.

"அதுவா? ஒருத்தர் மேல உசிரையே வெச்சிருக்கறது."

"அட, இவ்ளோ நல்ல வார்த்தையா!"

அங்கே போய் இதை உளறுவாள், வேலை கைநழுவும் என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன்.

மறுநாள் காபியை நீட்டி, "ஐ புட் அப் வித் யூ" என்றாள். பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன். குறட்டை விட்டு எழுந்தால், "ஐ புட் அப் வித் யுவர் ஸ்நோரிங்." ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால், "ஐ புட் அப் வித் யுவர் டவல்."

"டவல் மேலயுமா பாசம்?"

"உங்க டவலாச்சேங்க!"

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார்.

"ஆபீஸ்ல இவர் ரொம்ப அமைதிம்மா. வீட்ல எப்படி?"

"ஐ புட் அப் வித் ஹிம், சார். எவ்ரி டே."

மேனேஜர் சிரித்த சிரிப்பில் காபி அவர் மூக்கில் ஏறியது. அவர் மனைவி சிரிக்கவில்லை. இவள் கையைப் பிடித்து, "நானும்தான்" என்றார். திருத்தினால் என் குட்டு உடையும். நானும் சிரித்து வைத்தேன்.

தேர்வுக்குப் போனவள் ஸ்வீட் டப்பாவோடு திரும்பினாள்.

"வேலை கிடைச்சிருச்சுங்க! வலியில கத்துறவங்க, சண்டைக்கு வர்றவங்க எல்லாரையும் சமாளிப்பியான்னு டாக்டரம்மா கேட்டாங்க. 'ஐ கேன் புட் அப் வித் எனிதிங், மேடம். வீட்லயே பழக்கம்'னேன். உடனே எடுத்துக்கிட்டாங்க."

"உனக்கு... அதுக்கு அர்த்தம் தெரியுமா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே தெரியுங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்தேன்."

"அப்புறம் ஏன்டி தெரியாத மாதிரி நடிச்சே?"

"நடிக்கலைங்க. நீங்க சொன்ன அர்த்தத்துல ஒரே ஒரு வாக்கியம் சொல்லிப் பாக்கலாம்னு நெஜமாவே முயற்சி பண்ணினேன்" என்று டப்பாவை என் கையில் வைத்தாள். "ஒண்ணுமே வரலை."