ஓட்டை விழாத டிக்கெட்

ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்கு வந்து கண் கலங்குகிற இனம் ஒன்று எங்கள் இங்கிலாந்தில் உண்டு. நான் அந்த இனம். வயது அறுபதுக்கு மேல், எண்ணெய்க் கறை படிந்த நீல மேலங்கி, பையில் ஆறிப்போன தேநீர், வாயில் "கொன்னுட்டாங்கய்யா, நல்ல லைனை!" என்ற புலம்பல். இந்த அடையாளங்களோடு யாரையாவது கண்டால் எஞ்சின் பற்றி மட்டும் எதுவும் கேட்டுவிடாதீர்கள். இருட்டும்வரை விடமாட்டோம்.

அறுபதுகளில் அரசாங்கம் மூடிவிட்டுப்போன எங்கள் ஹாஸல்பி கிளைப்பாதையை, புதர் வெட்டி, மண் சுமந்து, துருப்பிடித்த தண்டவாளத்தை மாற்றி, பக்கத்து ஊரான ஆர்டன்வரை நாங்களே மீட்டெடுத்தோம். காத்திருப்பு அறைக்கு எந்தப் பச்சை அடிப்பது என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டதில் இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. கோடைக்கால ஞாயிறுகளில் எஞ்சினை ஓட்டுகிறோம். கரி அள்ளுகிறோம், சாம்பல் வாருகிறோம். சம்பளமா? நாங்கள்தான் சந்தா கட்டுகிறோம். ஸ்டேஷனுக்கு எதில் போகிறோம் என்கிறீர்களா? காரில்தான். வேறு எதில் போவது?

லைன் மூடிய நாளில் வருடா வருடம் எஞ்சின் மூக்கில் மலர்வளையம் மாட்டி, 'கடைசி ரயிலை' மறுபடி ஓட்டி, தொப்பியைக் கழற்றி நிற்போம். திவசம் என்றே சொல்லலாம். சரி, செத்தவர் உயிரோடு எழுந்துவந்து வாசலில் நின்றால், திவசம் செய்கிறவன் என்ன செய்வான்?

இந்த வருடம் அதுதான் நடந்தது. உங்கள் பாதையைக் கொடுங்கள், ஆர்டனுக்குத் தினமும் ரயில் விடுகிறோம் என்றது கவுன்சில். திவசம் முடிந்த கையோடு காத்திருப்பு அறையில் கூட்டம் கூடியது. எங்கள் சங்கத் தலைவர் டெஸ்மண்ட், ஓய்வுபெற்ற பல் டாக்டர், பல்வலிக்காரர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"டீசல் வண்டியாம்யா. பிளாஸ்டிக் சீட்டாம். அதுகூடப் போகட்டும். தினமும் ஜனங்க வருவாங்க. பெஞ்சுல உக்காருவாங்க. நாம அடிச்ச பெயின்ட் என்ன ஆகுறது?"

அறை முழுக்க வேதனையோடு தலையாட்டியது. நானும் ஆட்டினேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பயணிகள் வருவதா?

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி ஹிலரி கெட்டிலைக் கீழே வைத்தாள். கண் மங்கிவிட்டது என்று போன வசந்தத்தில் கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தவள் அவள். அவளுடைய தங்கை, பாட்டுக் குழு, கண் ஆஸ்பத்திரி எல்லாமே ஆர்டனில். பஸ் நின்றுபோய் வெகுகாலம் ஆயிற்று. நான் கூட்டிப்போனால்தான் உண்டு. நான் எங்கே இருப்பேன்? எஞ்சினுக்கு அடியில்.

"ஒரு சந்தேகம் டெஸ்மண்ட். அந்தக் காலத்துல லைன் ஓடிக்கிட்டிருந்தப்ப, நீங்க எத்தனை தடவை அதுல போயிருக்கீங்க?"

"அப்பா கார் வாங்கிட்டாரும்மா. ஆனா, தினமும் பாலத்து மேல நின்னு டாட்டா காட்டுவேன்."

"டாட்டாவை வெச்சு ரயில்வேக்காரன் கரி வாங்க முடியுமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, இருமல்போல மாற்றிக்கொண்டார்கள்.

"எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. யாரையும் கேக்காம, கோட்டை மாட்டிக்கிட்டு, தனியா ஆர்டனுக்குப் போகணும். அவ்வளவுதான்." இதைச் சொல்லும்போது அவள் டெஸ்மண்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் டெஸ்மண்ட். பிளாஸ்டிக் சீட்டு என் கண்முன் வந்தது. என் கை எழுந்தது. கவுன்சிலின் திட்டம் ஒரே வாக்கில் தோற்றது. அந்த ஒன்று யாருடையது என்று நீங்கள் கேட்கவேண்டாம். ஹிலரியும் கேட்கவில்லை.

எஞ்சின் சாம்பலை வாரிவிட்டு நான் வரும்வரை அவள் பெஞ்சில் காத்திருக்கவேண்டியிருந்தது. எதிரே நாங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய பழைய கால அட்டவணை.

"பெரிய எழுத்து, எனக்கே தெரியுது. எவ்வளவு வண்டி இருந்திருக்கு பாருங்க" என்றாள்.

காரில் வீடு திரும்பினோம்.

எங்கள் வீட்டுக் கணப்புக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்தில் ஒரு டிக்கெட் தொங்குகிறது. கடைசி ரயிலுக்கு அப்பா எனக்கு வாங்கிக்கொடுத்தது. அன்றைக்கு ஊரே திரண்டு வந்து அழுதது. கூட்டம் அதிகம் என்று அப்பா என்னை ஏற்றவில்லை, காரில் திருப்பி அழைத்துவந்துவிட்டார். அதனால் பரிசோதகர் அதில் ஓட்டை போடவில்லை. ஓட்டை இல்லாததால் அது அபூர்வம் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

கோட்டைக் கழற்றாமல் ஹிலரி அதன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, அதைக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"வீட்டுல ஒருத்தராவது ரயில்ல போகவேண்டாமா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு நூலகம், ஒரு பழைய சினிமாக் கொட்டகை, ஒரு மூலைக்கடை மூடப்படும் தறுவாயில் இருக்கும். "அடடா, அந்தக் காலம்!" என்று நீங்களும் உச்சுக் கொட்டியிருப்பீர்கள். பரிசோதகராக வந்திருக்கிறேன், எழுந்திருங்கள். உங்கள் டிக்கெட்டை எடுங்கள், பார்ப்போம். அதில் ஓட்டை இருக்கிறதா?