ஓரவஞ்சனைத் தாடி

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் ஊர் என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். பாவம், ஏமாந்த ஜனங்கள்! போன வருஷத்துக்கு முந்தின வருஷத்திலிருந்து கடைத்தெருவில், வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற ஊரில் என் அவித்த மல்லாட்டைக் கடைக்கு நேர் எதிரே, மலையும் காடும் பொட்டலும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். டிக்கெட் கிடையாது, படி ஏற வேண்டியதில்லை. அப்படி ஒரு முகம் எங்கள் கோட்டையின் மூணு மலைக்கும் நடுவில் அதற்கு முன்னால் இருந்ததில்லை, இனிமேலும் வராது.

அவனுக்குப் பேர் கண்ணாடி. பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டோடு சரி. முகம் பார்க்கும் கண்ணாடி விற்கிறவன், சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவன். கடையில் சின்னதும் பெரிசுமாய் நாற்பது கண்ணாடி தொங்கும். நாற்பதையும் முதலில் பார்த்துக்கொள்வது அவன்தான். படத்தை அளந்துகொண்டே ஒரு பார்வை, ஆணி அடித்துக்கொண்டே ஒரு பார்வை. சுத்தியல் விரலில் விழுந்தால்கூட 'ஐயோ' என்பதைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்வான்.

அந்த முகத்துக்கு ஒரே எதிரி தாடி. காலையில் மழமழவென்று சிரைத்துக்கொண்டு வருவான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கன்னம் கருத்துவிடும்.

"இன்னா ஆயா இது, தொடச்ச கண்ணாடில தூசு வந்து குந்துற மாரி குந்துது!" என்று என்னிடம் வந்து அழுவான்.

ஒருநாள் செல்போனில் லேசர் என்று எதையோ பார்த்தான். மறுநாளே பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டான். திரும்பி வந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எட்டு வாட்டி போவணும் ஆயா, மாசத்துக்கு ஒரு வாட்டி. வெளிச்சத்த அடிச்சி வேரையே சுட்டுடறாங்க. அப்பறம் ஜென்மத்துக்கும் கத்தியே வாணாம்!"

"வலிக்கலியா?"

"ரப்பர் பேண்டால சுண்டுற மாரி இருக்குது, அவ்ளதான்."

கிட்டே இழுத்து மோந்து பார்த்தேன். "டேய், கோழி பொசுக்கின வாசன வருதுடா. பஸ் ஸ்டாண்டு பிரியாணிக் கடை பக்கம் போவாத, எவனாவது மஞ்சா தடவிடப் போறான்."

மூன்று தடவை போனான். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சிரைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பது அங்கே சட்டம். டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லித்தான் அனுப்பினாராம்: முடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொட்டாது, ஒரு இடம் சீக்கிரம் அடங்கும், ஒரு இடம் மல்லுக்கு நிற்கும், பாதியில் விட்டால் பார்க்கச் சகிக்காது. இவன் காதில் 'கொட்டும்' என்பது மட்டும்தான் விழுந்தது. தினமும் சிரைத்துக்கொண்டிருந்ததால் வெளியேயும் ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது தடவைக்கு முன்னால் வீட்டில் ஒரு சேதி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, அவன் பெண்டாட்டி செல்வி முழுகாமல் இருந்தாள்! கடைத்தெருவுக்கே லட்டு கொடுத்தான். எனக்கு ரெண்டு.

லட்டு வாயில் கரைவதற்குள் வல்லத்திலிருந்து அவன் அம்மா வந்து இறங்கினாள்.

"புள்ளத்தாச்சி வூட்ல ஆம்பள மூஞ்சில கத்தி படக்கூடாது. கொழந்த பொறக்கற வரிக்கும் தாடி வளரணும். ஒம்போது வருசம் சும்மாவா காத்துக்கினு கெடந்தோம்?"

"யம்மா, லேசருக்கு..."

"லேசரு கீசருன்னே, சாமி கண்ணக் குத்தும்!"

எங்கள் பக்கத்தில் இது காலம் காலமாய் இருக்கிற வழக்கம். சிரைத்தால் குழந்தைக்கு ஆகாது. சிரைக்காமல் லேசருக்குப் போக முடியாது. கண்ணாடி வசமாய் மாட்டிக்கொண்டான்.

ஒரு மாசத்தில் குட்டு வெளிப்பட்டது. இடது கன்னம் வழுவழு. வலது கன்னம் காப்புக்காடு. தாடையில் அங்கங்கே குத்துக் குத்தாய் நாலு புதர், நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டல். மீசை மட்டும் இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மேலே உட்கார்ந்திருந்தது.

"ஆடு பூந்த மல்லாட்டக் கொல்லையா இருக்குதேடா!" என்றேன்.

"சிரி ஆயா, சிரி. ஊரே சிரிக்குது, நீ மட்டும் ஏன் பாக்கி?"

முதலில் மாஸ்க் போட்டுப் பார்த்தான். "கொரோனா திரும்ப வந்துட்டுதா?" என்று ஜனம் பத்தடி தள்ளி நின்றது. அப்புறம் செல்வியின் கண்மையை எடுத்துப் பொட்டலில் தாடி வரைந்தான். செஞ்சி வெயில் வானத்திலிருந்து ஒருமுறை, பாறையிலிருந்து ஒருமுறை அடிக்கும். பதினொரு மணிக்குத் தாடி சட்டைக் காலருக்கு இறங்கிவிட்டது. கடைசியில் நாற்பது கண்ணாடியையும் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டான். தொண்டூரிலிருந்து கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண் மிரண்டுபோய், "கடைய மூடப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்லக்கா. பின்னாடி அட்ட நல்லா இருக்குதான்னு பாத்து எடுத்துக்குங்க. முன்னாடி எல்லாம் ஒண்ணுதான்."

இத்தனையும் தாங்கினவன், வளைகாப்புக்கு நாள் குறித்தபோதுதான் ஆட்டம் கண்டான். போட்டோ, ஆல்பம், தாலுக்கா முழுக்கச் சொந்தக்காரர்கள். முந்தின நாள் காலை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நாலு கடை தள்ளி இருக்கிற சலூனுக்குள் நுழைந்தான். என் கண்ணுக்குத் தப்புமா? அளந்த மல்லாட்டையை அப்படியே போட்டுவிட்டுச் சலூன் வாசலில் போய் நின்றேன். முகம் முழுக்க நுரை போட்டாயிற்று. சலூன்காரர் புது பிளேடு மாட்டுகிறார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியின் போன் அடித்தது. அவன் அம்மா போட்ட கத்தல் வாசலுக்கே கேட்டது.

"டேய், செல்விக்கு வவுறு வலிக்குதாம்டா! ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்!"

அப்புறம் நடந்ததைச் செஞ்சி இன்னும் பேசுகிறது. கழுத்தில் கட்டின துணி பின்னால் பறக்க, முகமெல்லாம் வெள்ளை நுரையோடு கண்ணாடி கடைத்தெருவில் ஓடுகிறான். கோட்டைக் குரங்கே பயந்து வழி விட்டது. அவன் பின்னால் நான். என் பின்னால் சலூன்காரர், தன் துணிக்காக!

ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆயா, என்னாலதான். நான் கத்திகிட்ட போனதாலதான்..."

"கத்தி பட்டுதா?"

"படல ஆயா. நொர மட்டும்தான்."

"நொரைக்கெல்லாம் தோசம் இல்லடா!"

நான் எந்தச் சாஸ்திரத்தைப் படித்தேன்? அந்த நிமிஷத்துக்கு நானே போட்ட சாஸ்திரம் அது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தாள். "சூட்டு வலிதான், பயப்பட ஒண்ணும் இல்ல. வூட்டுக்காரர் ஆரு?" என்றவள் அவனைப் பார்த்துத் திடுக்கிட்டு, "மொதல்ல மூஞ்சி கழுவிக்கினு வாங்க" என்றாள். கண்ணாடி அங்கேயே குந்தி அழுதான். நுரையில் ரெண்டு வாய்க்கால் ஓடியது. எனக்கும் அன்றைக்குக் கேலி வாயில் வரவில்லை.

மறுநாள் வளைகாப்பில், பாதி காடு பாதி பொட்டலோடு செல்வி பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "அண்ணே, தாடி இருக்கிற பக்கமாத் திரும்புங்க" என்றான் போட்டோக்காரன்.

"நேரா எடுப்பா. அதோட நைனா எப்டி நின்னாருன்னு எம் புள்ள பாக்கட்டும்."

பெண் குழந்தை பிறந்தது. இனி சிரைக்கலாம். பாண்டிச்சேரியிலிருந்து போன் மேல் போன்: மிச்சம் அஞ்சு தடவைக்கு வாங்க, எல்லாவற்றையும் சமம் பண்ணிவிடலாம். உள்ளூர் சலூனில் இனிக் கால் வைப்பதில்லை, அங்கேயே போய்ச் சிரைத்துக்கொள்கிறேன் என்று குழந்தைக்கு மூன்றாம் மாசம் நடக்கும்போது கிளம்பினான். போகிற வழியில் குழந்தையை என்னிடம் காட்ட நின்றான். அவள் வலது கன்னத்துக் காட்டைக் கொத்தாய்ப் பிடித்தாள், விடவே இல்லை. விரலைப் பிரித்தால் வீறிடுகிறாள்.

"பஸ்ஸு கெளம்புதுடா" என்றேன்.

"போவட்டும் ஆயா. பாப்பா புடிச்சிக்க ஒரு எடம் வாணாமா?"

அன்று சாயங்காலமே நாற்பது கண்ணாடியையும் தெருப்பக்கம் திருப்பிவிட்டான். இப்போது காலையில் நான் கடை பிரிக்கும்போது நாற்பது ஓரவஞ்சனைத் தாடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அதை நாலு கேலி பண்ணாமல் நான் முதல் படி அளப்பதில்லை. அவன் ஒருநாள் கடை திறக்காவிட்டால், அன்றைக்கு என் மல்லாட்டையில் உப்பே பிடிப்பதில்லை.