ஃபாரம் அண்ணனும் இரண்டு ஜீப்பு எறிபந்தும்

பரோட்டா தின்ற கையோடு கடை மாஸ்டரிடம் 'மென்மை, சூடு, சால்னா' என்று மூன்று தலைப்பில் கருத்துப் படிவம் நிரப்பிக் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஃபாரம் அண்ணன். மாஸ்டர் அந்தத் தாளை வாங்கிக் கல்லைத் துடைத்தார். அண்ணன் அதையும் குறித்துக்கொண்டார்.

பல்கலைக்கழக விடுதியில் அவரும் நானும் ஒரே அறை. விளையாட்டு மேம்பாட்டுக் கொள்கையும் நடைமுறையும் என்று ஒரு முதுகலைப் படிப்பு. பெயரிலேயே விளையாட்டு இருக்கிறதே, இரண்டு வருஷம் பந்தை உதைத்துவிட்டுப் பட்டம் வாங்கிவிடலாம் என்று சேர்ந்தேன். ஐயோ சாமி! பந்தைத் தவிர எல்லாவற்றையும் காட்டினார்கள். யார் விளையாடுகிறார்கள், யாருக்கு இடமில்லை, யாருக்கு நேரமில்லை, அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று ஊர் ஊராய்க் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். எங்களுக்கு அது பாடம், அண்ணனுக்கு அதுதான் சோறு தண்ணீர். என் குறட்டைக்குக்கூட ஒரு படிவம் வைத்திருந்தார்.

இத்தனைக்கும் போன வருஷம் களப்பணியில் தோற்றவர். விளையாடாத ஒரு கூட்டத்தை விளையாட வைத்து, போட்டி நடத்தி, அதைப் பேராசிரியர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருஷமும் விட்டால் பட்டம் கிடையாது. ராசிங்காபுரத்தில் அவர் அப்பா, "படிச்சுக் கிழிச்சது போதும், வந்து தோட்டத்தப் பாரு" என்று தயாராய் நின்றார்.

அண்ணன் தேர்ந்தெடுத்தது, போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை. என் ஆய்வும் அதே வட்டாரத்தில்தான் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். விடியற்காலை ஜீப்பு நிற்கும் இடத்தில் பேச்சியம்மாள் என்ற அக்காவைப் பிடித்தார்.

"அக்கா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உடற்பயிற்சி செய்றீக?"

"பயிற்சியா? அதுக்கெல்லாம் ஏதுப்பு நேரம்! வெரசாக் கேளு, ஜீப்பு கெளம்புது."

'இல்லை' என்று குறித்துக்கொண்டு ஜீப்பில் தொற்றினார். மத்தியானம் அதே பேச்சியம்மாள் தலையில் காய்மூட்டையோடு சரிவில் விறுவிறுவென்று ஏறினார். கையில் படிவம் செருகிய வெறும் அட்டையோடு பின்னால் போன அண்ணன் மூன்று தடவை சறுக்கி உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, நெஞ்சு படபடங்குதுடா."

பேச்சியம்மாள் மூட்டையை மேலே இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். "எந்திரி அப்பு. அந்த அட்டையவும் கொண்டா, நானே தூக்கியாறேன்." அங்கேயே 'இல்லை'யை அடித்தார் அண்ணன். பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் அரைமணி நேரம் முழித்தார்.

காய் எடை போட்ட பிறகு ஜீப்பு கிளம்பும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். எடை போடும் முற்றத்தில் அண்ணன் வலை கட்டினார். எறிபந்து. அணிக்கு ஏழு பேர் என்று விதியைச் சொன்னதும் பேச்சியம்மாள் இடுப்பில் கையை வைத்தார்.

"ஒரு ஜீப்புல பதினாலு பேரு வந்தோம். ஏழு பேரு ஆட, ஏழு பேரு வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்? அப்பறம் போறப்ப யாரு யாருகூட மொகங்குடுத்துப் பேசுவா?"

அதோடு விதி செத்தது. ஜீப்புக்கு ஜீப்பு போட்டி, பக்கத்துக்குப் பதினாலு பேர். பந்து தரையில் விழ இடம் இருந்தால்தானே புள்ளி! இரண்டு மூன்று புள்ளி எடுப்பதற்குள் டிரைவர் மாயாண்டி ஹாரன் அடிப்பார், போட்டது போட்டபடி ஓடுவார்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். பதினைந்து புள்ளி ஆட்டம் ஒன்று இரண்டு வாரமாய் ஓடியது.

பேராசிரியர் வந்த அன்று பதினாலுக்குப் பதினாலு. அடுத்த புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி. பந்து மேலே போனது. ஹாரன் அடித்தது. பந்து கீழே வந்தபோது பிடிக்க ஒரு ஆள் இல்லை. அது உருண்டு போய்ப் பேராசிரியர் காலடியில் நின்றது.

"ஏம்மா, யார் ஜெயிச்சது?"

"நாளைக்குச் சொல்றோம் சார்!" என்று ஜீப்பிலிருந்து கத்தினார் பேச்சியம்மாள்.

பேராசிரியர் தங்கமான மனுஷன். "சரிப்பா, அணிக்கு ஏழு பேர், ஆட்டம் முடிந்தது, இன்ன அணி வெற்றின்னு மூணு வரி எழுது. கையெழுத்துப் போட்டுட்டு நானும் கிளம்புறேன்."

"எழுதித் தொலைண்ணே!" என்று விலாவில் இடித்தேன்.

அண்ணன் பேனாவைத் திறந்தார். படிவத்தையே பார்த்தார். மூடினார். "ஏழுன்னு எழுதுனா மிச்சப் பேரு வரலைன்னு ஆயிருமே சார். வந்தாகளே."

"பட்டம் போயிடும், யோசிச்சுக்கோ."

"போகட்டும் சார்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அந்தச் சரிவிலேயே உருட்டிவிட்டிருப்பேன்.

பேராசிரியர் காலடியில் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்தார். பிறகு, "நாளைக்கு ஜீப்பு எத்தனை மணிக்கு?" என்றார்.

மறுநாள் பேச்சியம்மாளின் ஜீப்பில் நெருக்கியடித்து வந்தார். வந்ததுதான் வந்தார், சும்மா இருக்க விடுவார்களா? "எங்க ஜீப்புல ஏறிட்டு ஓரமா நின்னா எப்பிடி சார்?" என்று இழுத்து நிறுத்திவிட்டார்கள். பந்து நேரே அவரிடம் வந்தது. கோட்டை விட்டார். எதிர் ஜீப்பு கூத்தாடியது. பேச்சியம்மாள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, யாத்தே! 'அணிக்குப் பதினாலு பேர், ஒரு பக்கம் பதினைந்து' என்று அண்ணன் எழுதிய படிவத்தில் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

விதியை மீறியதற்கு மதிப்பெண் குறைத்ததில் அண்ணன் மயிரிழையில் தேறினார். எனக்கு முதல் வகுப்பு. என் ஆய்வுக்குச் சிலமலையில் நாற்பது பேரைக் கேட்டு எழுத வேண்டிய படிவங்களை எங்கள் வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு நானே நிரப்பினேன். இன்று வரை இதை அண்ணனிடம் சொல்லவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வேன். திட்டாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்றால், அந்த மனுஷனை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?