தொண்ணூற்று மூணு மார்க்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி என்றாலே ஆர்வினுக்கு எரிச்சல்தான். பக்கத்து சேனலில் ஃபுட்பால் மேட்ச். இவர் வீட்டிலோ 'உன் மனசாட்சி'. வாரத்துக்கு ஒரு கதை, ஒரு பாவி, ஒரு தர்மசங்கடம். கடைசியில் ஒரு போதகர் வந்து, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். உடனே எல்டா புருஷன் பக்கம் திரும்புவாள். கொலைகாரன் கதையானாலும் சரி, குடிகாரன் கதையானாலும் சரி, அவள் கண்ணுக்கு அதில் ஆர்வின்தான் தெரிவார். இதென்னடா கொடுமை! மூன்று வருஷமாக ஒரு மேட்ச்கூட உருப்படியாகப் பார்க்கவில்லை, பாவம்.

அந்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து ஊறுகாய் தேடினார். ஐஸ்பெட்டியின் மூலையில், முட்டைக்கோஸ் ஜாடிக்குப் பின்னால், மஞ்சள் மார்ஜரின் டப்பா, தாவர எண்ணெயில் செய்த போலி வெண்ணெய்! பால் பண்ணைகளைக் காப்பாற்ற, அவர்களுடைய விஸ்கான்சின் மாநிலத்தில் விற்கவே கூடாது என்று சட்டம் போட்ட சாமான். எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான இல்லினாய் போனால்தான் கிடைக்கும். அதுவும் யார் வீட்டில்? பால் பண்ணையில் வெண்ணெயை நாக்கில் வைத்து மார்க் போடுகிற ஆர்வின் வீட்டில்!

ஆர்வினுக்குக் கோபமே வரவில்லை. குஷியாகிவிட்டார். டப்பாவைக் கொண்டுபோய் டிவி மேலேயே வைத்தார்.

"எல்டா! இங்க வா. இன்னைக்குப் பிரசங்கம் நான் பண்றேன்."

எல்டா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். "ஓ, அதா? பாதி விலைங்க."

"பாதி விலையா! அது கள்ளச்சரக்குடீ! எம் பொழப்புக்கே உலை வைக்கிறியே! இப்பவே நம்ம சர்ச் போதகர்கிட்ட போய் ஒப்புக்கோ. முடியாதுன்னா, இனிமே ஞாயித்துக்கிழமை மேட்ச்தான். எது வேணும், நீயே சொல்லு."

எல்டா கொஞ்சம்கூட அசரவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"போதகர் வீட்டுக்கு. நீங்கதானே சொன்னீங்க? பாவத்தைச் சொன்னா முழுசா சொல்லணும். போன வாரக் கதையில கேட்டோமில்ல? ஈஸ்டர்லேருந்து வாங்கறேன்னு சொல்லணும்."

"ஈஸ்டர்லேருந்தா?"

"ஆமா. அன்னைக்கு உங்க மேனேஜர் டீட்ஸ் சாப்பிட வந்தாரே. அவருக்கும் அதைத்தான் வெச்சேன். அவர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்."

ஆர்வினுக்கு அந்த விருந்து நன்றாகவே ஞாபகம் இருந்தது. மேனேஜர் முன்னால் ரொட்டியைக் கடித்து, கண்ணை மூடி, "இது நம்ம வியாழக்கிழமை கடைசல், சார். தொண்ணூத்து மூணு மார்க்!" என்று சொன்னவர் அவரேதான். மேனேஜர் அசந்துபோய், "இந்த நாக்குக்குத்தான்யா உனக்குச் சம்பளம்!" என்று முதுகில் தட்டினார். அடுத்த மாசமே சம்பளமும் உயர்ந்தது.

"ஏன் எல்டா, அவர்கிட்ட எதுக்கு..."

"ஏமாத்தினவ நான்தானே? நீங்க போட்ட அந்த மார்க்கையும் சொல்லித்தான் ஆகணும். மறைச்சா பொய் சாட்சி."

"வெளியே பனிடீ. இந்தக் குளிர்ல எங்க போறே?"

"பாவத்துக்குக் குளிர் ஏதுங்க?" அவள் தொப்பியைத் தேட ஆரம்பித்தாள்.

சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது. ஆர்வின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். முட்டைக்கோஸ் ஜாடிக்குப் பின்னால், இருந்த இடத்திலேயே, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். திரும்பி வந்து தன் கையாலேயே 'உன் மனசாட்சி' சேனலைத் திருகினார்.

"உக்காரு எல்டா. ஆரம்பிச்சுட்டான்."

எல்டா சாவகாசமாகக் கோட்டைக் கழற்றினாள். சமையலறைப் பக்கம் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ரொட்டி சுடறேங்க. வெண்ணெய் தடவட்டுமா, அதைத் தடவட்டுமா? சரி விடுங்க, உங்களுக்கு எதைத் தடவினா என்ன!"