மூன்று பைனாகுலருக்கும் ஒரே வெளிச்சம்

அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட மகராசரே, உம்மைத்தான். முகத்தில் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு தரம்கூட எட்டிப் பார்க்காமல் பேனாவைத் திறந்தவர் நீர்தான்.

லென்ஸ்காரர் பைனாகுலர் விற்பவர். எமனிடமே பேரம் பேசி நாலு நாள் கூட்டி வாங்கிவிடுவார் என்பது அவருடைய அக்காளின் கணிப்பு. அந்த அக்காள் புருஷன் படகுக்காரர். போன மாதம் கடலில் இயந்திரம் நின்றுபோய், பொழுது சாய்கிற நேரத்தில் சட்டையைக் கழற்றி ஆட்டியிருக்கிறார். துறைமுகக் கோபுரத்துக் காவலரின் பைனாகுலரில் கடலும் வானமும் ஒரே சாம்பல். மச்சான் கை தோல் உரியத் துடுப்புப் போட்டே கரை சேர்ந்தார்.

உடனே துறைமுக அலுவலகம் விழித்துக்கொண்டது. புது பைனாகுலர் தேவையா என்று ஆராய, தக்க பரிசீலனைக்குப் பின் ஒரு பரிசோதனை அதிகாரியை நியமித்தது.

சாயங்காலம், அலுவலக மாடி. மேசைமேல் மூன்று பைனாகுலர்: லென்ஸ்காரருடையது, போட்டிக் கடையுடையது, கோபுரத்துப் பழசு. அதிகாரி அலுவலக செல்போனை ஒவ்வொன்றின் கண்வில்லையிலும் ஒட்டிவைத்துப் படம் எடுத்தார்.

"கண்ணை வச்சுப் பாருங்க சார்," என்றார் லென்ஸ்காரர்.

"கண்ணு ஆளுக்கு ஆள் மாறும். கேமராதான் நடுநிலை. சுற்றறிக்கையே இருக்கு."

மூன்று படமும் ஒரே வெளிச்சம், ஒரே நிறம். லென்ஸ்காரரின் நெற்றி நரம்பு புடைத்தது.

"கேமரா ஆட்டோவுல இருக்கு சார். இருட்டா இருந்தா அதுவே வெளிச்சத்தைக் கூட்டிக்கும். மஞ்சளா இருந்தா அதுவே வெளுத்துக்கும். மூணுக்கும் ஒரே அளவுல பூட்டிவச்சு எடுங்க, வண்டவாளம் தெரியும்."

"பூட்டினா கேமராவோட நடுநிலையில நான் கை வச்ச மாதிரி ஆயிடுமே."

"முட்டை வாங்கினவனுக்கும் வாத்தியாரே மார்க்கைப் போட்டு சரிக்கட்டுறது நடுநிலையா சார்?"

"அதனாலதான் யாருக்கும் மனக்குறை இல்ல."

லென்ஸ்காரர் கோபுரக் காவலரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அவர் மூன்றிலும் நிதானமாகப் பார்த்தார்.

"இவரோடதுல படகு நம்பர் தெரியுது. அந்தக் கடையோடதுல படகு தெரியுது. நம்ம பழசுல, கடல் இருக்குன்னு ஒரு நம்பிக்கை."

"உங்க கண்ணுக்குத் தரமுத்திரை இருக்கா?" என்றார் அதிகாரி.

"கண்ணுக்கா?"

"கேமராவுக்கு இருக்கு. நீங்க போகலாம்."

லென்ஸ்காரர் பழைய பைனாகுலரின் முன்பக்கத்தை மூடியால் அடைத்தார். "இப்ப எடுங்க பாக்கலாம்."

கேமரா வெகுநேரம் முக்கிப் புள்ளிபுள்ளியாக ஒரு சாம்பல் படத்தைப் பெற்றெடுத்தது. அதிகாரி தலையைச் சாய்த்து ரசித்தார்.

"லேசான மேகமூட்டம். மத்தபடி ஏற்கத்தக்கது."

நீர் கையெழுத்துப் போட்ட அந்த அறிக்கையும் அங்கேயே தயாரானது: 'மேற்படி மூன்று கருவிகளும், மூடிய நிலையிலுள்ள ஒன்று உட்பட, சம வெளிச்சம் உடையவை. ஆகவே, இருப்பதே போதுமானது.'

லென்ஸ்காரர் மேசையை ஓங்கித் தட்டினார். "இந்தக் கூறுகெட்ட முறையை எந்த மடையன் சார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்?"

அதிகாரி பதறவில்லை. செல்போனில் எதையோ தேடி நீட்டினார். லென்ஸ்காரரின் சொந்தக் கடை விளம்பரம். இருட்டாய் ஒரு படம், 'மற்றவர் பைனாகுலர்'. பளிச்சென்று ஒரு படம், 'எங்கள் பைனாகுலர்'. கீழே கொட்டை எழுத்தில்: 'கேமரா பொய் சொல்லாது.'

"இதைப் பார்த்துதான் மேலதிகாரி சுற்றறிக்கையே போட்டார். உங்க மச்சான்தான் ஊர்பூரா அனுப்பியிருந்தார். எனக்கும் வந்துது. அது சரி, முதல் படத்தை எப்ப எடுத்தீங்க?"

"மேகம் மூடியிருந்தப்ப."

"ரெண்டாவது?"

"வெயில் வந்தப்புறம்." லென்ஸ்காரர் குரல் இறங்கியது. "அது வியாபாரம் சார்."

"இது நிர்வாகம்," என்றார் அதிகாரி.

வீட்டுக்குப் போகுமுன் லென்ஸ்காரர் அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டார். அவர் பண்ணின பாவத்தில் பாதி கழிந்தது. மீதிப் பாதி உம்முடைய மேசையில் கிடக்கிறது, மகராசரே. மச்சான் நாளைக்கும் கடலுக்குப் போகிறார். படத்தைத் தூக்கி ஓரமாய் வையும். பொழுது சாய்கிற நேரமாய்ப் பார்த்துக் கோபுரப் படியேறி வந்து, மூன்றிலும் உம்முடைய சொந்தக் கண்ணை வைத்துப் பாரும். பிறகு அந்தக் கையெழுத்தை உம் கையாலேயே அடித்துவிட்டு, கண்ணில் பட்டதை எழுதும்.