நடை ஐயாவின் மேசை

பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத குழந்தை நடந்தது! கழுத்து நிற்கவில்லை, கண் சரியாகத் திறக்கவில்லை, ஆனால் நடந்தது! சலவைக் கடைக்கு மேலிருந்த வாடகை மாடியில், நடை ஐயா அதைக் கக்கத்தில் பிடித்து, மேசைமேல் பாதம் படும்படி நிறுத்தினார். உச்சந்தலையில் ஊதினார். இடது கால், வலது கால், இடது கால். கூட்டம் வாயைப் பிளந்தது.

"பச்சப்புள்ளையவே நடக்க வெச்சுட்டாரே, நம்ம புள்ள எம்மாத்திரம்!"

நடக்கத் தாமதமான பிள்ளைகளோடு தாய்மார்கள் படிக்கட்டுவரை நின்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறகு நடக்கவும் செய்தார்கள். பதினாலாம் மாதம் நடக்கவிருந்த பிள்ளை பதினாலாம் மாதம் நடந்தது; ஐயா பதின்மூன்றாம் மாதம் ஊதியிருந்தார், அவ்வளவுதான். நடந்தால் ஐயாவின் சக்தி. நடக்காவிட்டால் அம்மாவின் சந்தேகம். எப்படி இருக்கிறது நியாயம்?

அந்த வரிசையில் தையல்காரி நின்றாள். இடுப்பில் ஒன்றரை வயது மகள். பிடித்துக்கொண்டால்தான் உட்காருவாள். தூக்கி நிறுத்தினால் விரல் நுனியில் நிற்பாள். கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வலது கை எப்போதும் மூடியே இருக்கும். கை கால் பயிற்சிக்கு வரச்சொல்லி ஒரு மாதமாக மருத்துவமனையில் கூப்பிடுகிறார்கள். இன்று மதியத்துக்குள் போகாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு. ஆனால் ஐயா சொல்லியிருந்தார்: "வேற யார் கையாவது பட்டுச்சுன்னா, வர்ற நடை திரும்பிப் போயிடும்."

நடை என்ன விருந்தாளியா, கோபித்துக்கொண்டு திரும்பிப் போக? தையல்காரிக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

துணைக்கு வந்த நாத்தனாருக்குத் தோன்றியது. அவள் தோளில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சொந்தக் குழந்தை.

"அண்ணி, இவரு நடத்திக் காட்ட ஏன் பொடிசுங்களையே பொறுக்கி எடுக்கறாரு? அந்த மஞ்சச் சட்டைக்காரம்மாவோட நாலு மாசக் குழந்தைய வேண்டாம்னுட்டாரே?"

"மெதுவா பேசு. அவரு காதுல விழுந்தா எம் பொண்ணு கதி என்ன ஆகறது?"

"விழட்டும்னுதான் பேசறேன்."

நேராக மேசைக்குப் போனாள். "ஐயா, எம் புள்ளைய நடக்க வைக்கணும்."

ஐயாவின் முகம் மலர்ந்தது. "குடும்மா, குடு."

"நீங்க எதுக்கு? நானே வெக்கறேன்."

அவர் கை நீட்டுமுன் நிறுத்திவிட்டாள். பாதம் மேசையில் பட்டது. இடது கால், வலது கால், இடது கால். குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டே நடந்தது.

"நான் ஊதவே இல்லியே!"

ஐயா கையை விரித்து அறையைக் காட்டினார். "என் மூச்சுக்காத்து இந்த ரூம் பூரா இருக்கும்மா."

"அப்ப பிரசவ வார்டுலயும் உங்க மூச்சுதானா? அங்க டாக்டரம்மாவும் இப்படித்தான் பிடிச்சுப் பாத்தாங்க. பொறந்த புள்ளைங்க பாதம் பட்டா இப்படி எட்டு வைக்குமாம். ரெண்டு மாசம் போனா அது தானா மறைஞ்சிடுமாம். சரி, உங்க சக்தின்னே வெச்சுக்குவோம். அந்த நாலு மாசத்த நடக்க வைங்க, பாப்போம்."

மஞ்சள் சட்டைக்காரி குழந்தையை மேசைமேல் நீட்டினாள். ஐயா ஊதினார். கன்னம் வலிக்க ஊதினார். குழந்தை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. எட்டு மட்டும் வைக்கவில்லை. பிறகு அவர் சட்டையை நனைத்தது. ஊதியதற்குக் கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

"இந்தக் குழந்தைக்கு நம்பிக்கை இல்ல!"

"நாலு மாசத்துக்கா? யார் காதுல பூ சுத்தற?" என்று மஞ்சள் சட்டைக்காரி கையை ஓங்கினாள். கூட்டம் முன்னால் நெருங்கியது. ஐயா பின்படிக்கட்டில் இறங்கினார். யாரும் ஊதாமலே அந்தக் கால்களுக்கு என்ன வேகம்!

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரி சிரிக்கவில்லை.

"மணி என்னடி?"

"இன்னும் நேரமிருக்கு அண்ணி. ஓடுங்க."

ஓடினார்கள். இடம் போய்விடவில்லை. பயிற்சி தரும் அம்மாள் பாயில் உட்கார்ந்து, சிறுமியின் மூடிய கையை நீவி நீவித் திறந்தாள்.

"நடப்பாளா மேடம்?"

"இப்பவே சொல்ல முடியாதும்மா, பொய் சொல்ல மாட்டேன். மொதல்ல தானா உக்கார வைப்போம். ஆனா ஒரு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே?"

அந்த ஒரு மாதத்தைத்தான் ஐயா ஊதித் தள்ளிவிட்டாரே.

பிள்ளை எப்போது எழுந்து நிற்கும் என்று கவலைப்படுகிற பெரியவர்களே, உங்கள் அறிவு எப்போது எழுந்து நிற்கப்போகிறது? அதைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிவிட யாரும் வரமாட்டார்கள்.